இடது ஓரத்துச் சிவப்பு

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாக இருக்கிறது, சார். எங்கள் கேன்டீனில் வெந்நீரில் சாயம் கலந்து கொடுப்பார்கள். கேளுங்கள், மறைக்க எதுவுமில்லை. அன்றைக்குப் போல நான் சந்தோஷமாக இருந்ததே கிடையாது.

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலையில் எஃகுத் தூளையும் பீங்கான் தூளையும் கலந்து அச்சில் அடைத்து, இரண்டு தண்டுகளுக்கு நடுவே அழுத்தி மின்சாரம் பாய்ச்சுவோம். சூட்டில் தூள் இறுகி வில்லையாகிவிடும். எங்கே எவ்வளவு சூடேறும் என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே காட்டுவது என் வேலை. மேல் தண்டு லேசாகச் சாய்ந்து உட்காரும் என்பதால், என் மாடல் வில்லையின் இடது ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளியைக் காட்டியது. அங்கே எஃகு உருகிப் பீறிடும் என்று பொருள். அப்படி ஓர் அழகு. ஃபோனில் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டேன். "இன்னாங்க இது, குங்குமப் பொட்டா?" என்றாள் என் மனைவி ஜோதிலட்சுமி.

சோதனையில் எதுவும் பீறிடவில்லை. வில்லை இட்லி மாதிரி வந்து உட்கார்ந்தது. இயந்திரத்தை ஓட்டும் எட்வர்ட் அண்ணன், "இன்னா சார், தீபாவளி உங்க கம்ப்யூட்டர்ல மட்டுந்தானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

காரணம் சின்னதுதான். தண்டுக்கும் தூளுக்கும் நடுவே, மேலே ஒன்று கீழே ஒன்றாக, அவர் கறுப்புக் கரித்தாள் வைப்பார். டீ டம்ளரைக் கவிழ்த்துக் கோடு போட்டு வெட்டியது. அது மின்சாரத்தைச் சமமாகப் பரப்பிவிடும். அதை நான் மாடலில் சேர்க்க மறந்திருந்தேன். சேர்த்துப் பார்த்தேன். சிவப்பு போய், முழுக்க ஒரே மஞ்சள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே திருத்த வேண்டியது மாடலை அல்ல, சோதனையைத்தான் என்று முடிவு செய்தேன். அடுத்த சோதனை நாளில் லோக்கல் ரயிலில் பாடிக்கொண்டே வந்தேன். அண்ணன் அச்சை நிரப்பிவிட்டுக் கை கழுவப் போனபோது மேல் தாளை உருவிவிட்டேன். என் சட்டைப்பையிலிருந்து நீங்கள் எடுத்தீர்களே, அதுதான்.

பாதுகாப்புக் கதவின் கண்ணாடியில் புகை படிந்திருக்கும். அதனால் அண்ணன் கதவை ஒரு சாண் திறந்துதான் சூட்டின் நிறத்தைப் பார்ப்பார். அது எல்லோருக்கும் தெரியும்.

"இடப்பக்கம் நின்னு பாருங்கண்ணா. அங்கதான் நல்லாத் தெரியும்" என்றேன்.

"உனுக்கோசரம் பாக்குறேன் சார்" என்று சிரித்துக்கொண்டே குனிந்தார்.

வந்தது, சார். சொன்ன இடத்திலேயே வந்தது. நான் கை தட்டினேன். எல்லோரும் அண்ணனிடம் ஓடியதால் என் திரையை ஒருவரும் பார்க்கவில்லை. அது ஒன்றுதான் குறை.

ஆஸ்பத்திரியில் அவர் மகள் மெர்சி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு கண்ணும் பூட்ச்சாம் சார்" என்று அழுதாள். எனக்கும் வருத்தந்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தச் சிவப்பை அவ்வளவு கிட்டத்தில் வேறு யாருக்கும் பார்க்கக் கிடைக்கவில்லை. என் மாடல் சரி என்பதுதான் அவர் கடைசியாகப் பார்த்தது. கொடுத்து வைத்த மனிதர்.