மாமியின் குரல் நரம்பு

நாற்பத்திரண்டு நாட்கள் எங்கள் வீட்டில் நிம்மதியாகப் புத்தகம் படிக்க முடிந்தது. நான் விலங்கியல் பட்டதாரி. கல்யாணத்துக்குப் பிறகு அதுவரை ஒரு பக்கத்தைக்கூட முழுதாகப் படித்ததில்லை. என் மாமியார் மெஹராஜ் பேகம் நாகூரில் எங்கள் வாசலில் நின்று பேசினால் அடுத்த தெருவிலிருந்து பதில் வரும்.

என் கணவர் நௌஷாத் ஷார்ஜாவில் இருந்தார். மாதம் இருமுறை மாமி கேசட்டில் பேசி, அங்கே போகிறவர் கையில் கொடுத்தனுப்புவார். முதல் பக்கத்தில் என் சமையல். மறுபக்கத்தில், எனக்கு ஏன் விசா எடுக்கக் கூடாது என்பது.

மாமிக்கு நிணநீர்ப் புற்றுநோய். தஞ்சாவூரில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்றினார்கள். கட்டி கரைந்து வந்தது. அதில் எனக்கு உண்மையான சந்தோஷம். மூன்றாவது முறைக்குப் பிறகு குரல் போய்விட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. நூலகத்தில் தேடிப் பார்த்தேன். ஏற்றும் மருந்துகளில் ஒன்று, மிக அரிதாக, குரல்நாணை அசைக்கும் நரம்பை முடக்குமாம். நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகுமாம். மாமியிடம் சளி என்று சொல்லி வைத்தேன்.

மாமி ஓயவில்லை. டம்ளரில் கரண்டியால் தட்டினார். ஒரு தட்டு டீ. இரண்டு தட்டு, உப்பில்லை. ஏழு தட்டு என் பிறந்த வீட்டைப் பற்றியது. அந்தத் தட்டலையே ஒரு மணி நேரம் கேசட்டில் பதிந்து அனுப்பினார். நௌஷாத் பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து, வீட்டில் தச்சு வேலை நடக்கிறதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த கடிதத்தில் என் பாஸ்போர்ட் நகல் கேட்டிருந்தார்.

இதற்கிடையில் மாமிக்கு இன்னும் இரண்டு முறை அதே மருந்து ஏறியது.

நாற்பத்திரண்டாம் நாள் தண்ணீர் குடிக்கும்போது மாமிக்குப் புரையேறியது. மூச்சை இழுத்தால் குக்கர் விசில் போலச் சத்தம். கரண்டியைக் கீழே போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வாடகைக் காரில் தஞ்சாவூர் கொண்டுபோனேன். ஆக்சிஜன் வைத்தார்கள். குரல் போய் எத்தனை நாள் என்று கேட்ட அவசரப் பிரிவு டாக்டர், நான் துல்லியமாகச் சொன்னதற்குப் பாராட்டினார்.

எதிரிலிருந்த போன் பூத்திலிருந்து நௌஷாத்தை அழைத்து, குரல் போனதை முதல்முறையாகச் சொன்னேன்.

"இத்தனை நாளா அங்க பாக்குற டாக்டர் ஒண்ணும் கேக்கலையா சபிஹா?"

"நாலாவது தடவைலேந்து டாக்டர் மாறிட்டாருங்க. மாறி வந்தவரு ரெண்டு தடவ கேட்டாரு. இங்கிலீஷ்ல கேட்டாரு, மாமிக்குப் புரியல."

"நீ என்ன சொன்ன?"

"பொறந்ததுலேந்தே இப்படித்தான்னு சொன்னேன்."