மிச்சர் தட்டு

நந்தகுமார்: இருக்கட்டுங்க... தட்டு எங்கையிலயே இருக்கட்டும்.

கோகிலவாணி: பொண்ணுகிட்டத் தனியாப் பேசணும்னு கெணத்தடிக்கு வந்துட்டு, மிச்சர் தட்டையும் தூக்கிட்டு வந்த மாப்பிள்ளை நீங்க ஒருத்தர்தானுங்க. அவ்வளவு புடிச்சிருச்சுங்களா?

நந்தகுமார்: காரம் கொஞ்சம் தூக்கல்.

கோகிலவாணி: அப்பறம் எதுக்கு...

நந்தகுமார்: அத வுடுங்க. உங்களுக்கு என்னென்ன வருமுங்க?

கோகிலவாணி: நல்லாச் சமைப்பேன்.

நந்தகுமார்: அப்பறம்?

கோகிலவாணி: அப்பறமும் சமைப்பேனுங்க.

நந்தகுமார்: வெரலெல்லாம் காய்ச்சுப் போயிருக்குதே?

கோகிலவாணி: அது... ஆட்டாங்கல்லுல மாவாட்டி...

நந்தகுமார்: உள்ள இப்பக்கூட கிரைண்டர் ஓடுதுங்களே.

கோகிலவாணி: கரண்டு இல்லாதப்ப ஆட்டறதுங்க.

நந்தகுமார்: "சாப்ட்பால் போட்டி. சிறந்த பிட்சர், செல்வி கோகிலவாணி, மல்லசமுத்திரம்." இது யாருங்க?

கோகிலவாணி: எங்க போட்டிருக்குது?

நந்தகுமார்: மிச்சருக்கு அடியில.

கோகிலவாணி: அய்யோ சாமி... கப்பு, மெடலு அத்தனையும் எங்கம்மா கோழித்தீவன மூட்டைக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க. இந்தப் பரிசுத் தட்டு எப்படித் தப்புச்சோ. உங்கம்மா பாத்துட்டாங்களா?

நந்தகுமார்: பாத்தரக் கூடாதுன்னுதான தூக்கிட்டு வந்தேன். கிரவுண்டுல ஆடற பொண்ணு வேண்டாம்னு தரகர்கிட்ட மொதல்லயே சொல்லிட்டாங்க.

கோகிலவாணி: அப்பச் சரிப்படாதுங்க. எட்டாவது படிக்கறப்பக் கோழிப்பண்ணைச் செவுத்துல பந்து எறிய ஆரம்பிச்ச கை இது. அடுத்த மாசம் தேசியப் போட்டிக்குப் போறேன். கல்யாணம் ஆனாலும் எறிவேன். வுடணும்னா, காப்பியக் குடிச்சுட்டுக் கெளம்பிருங்க.

நந்தகுமார்: வுடச் சொல்ல எனக்கு ஏதுங்க தைரியம்... பொங்க நோம்பிக்கு ஆட்டையாம்பட்டியில பசங்களும் பொண்ணுங்களும் வெளையாட்டுக்கு ஒரு மேட்ச் ஆடுனீங்கல்ல?

கோகிலவாணி: ஆமாங்க. கூலிங் கிளாஸ் போட்டுட்டு ஒருத்தர் அலட்டிக்கிட்டு வந்தாரு. நான் எறிஞ்ச மூணு பந்துக்கும் காத்தத்தான் அடிச்சாரு.

நந்தகுமார்: ...அது நாந்தானுங்க.

கோகிலவாணி: சிரிக்க மாட்டேன். சொல்லுங்க.

நந்தகுமார்: சிரிக்கறீங்களே. அன்னைக்கிருந்து உங்க மேட்ச் எங்க நடந்தாலும் போயிருவேன். தரகருக்கு உங்க ஊட்டைக் காட்டுனதும் நாந்தான். அம்மாவுக்குத்தான் தெரியாது.

கோகிலவாணி: இப்பத் தெரியணுமுங்களே.

நந்தகுமார்: தெரியட்டும். மிச்சரைக் கொட்டிட்டு, தட்டை அவங்க கையிலயே குடுத்தர்றேன். வேண்டாம்னா, எனக்குக் கல்யாணமே வேண்டாம்னு சொல்லீர்றேன். போதுங்களா?

கோகிலவாணி: போதுங்க... தரகர் குடுத்த போட்டோவுலயும் அதே கூலிங் கிளாஸ்தான போட்டிருந்தீங்க? எங்கம்மா வேற தட்டுலதான் மிச்சர் வெச்சாங்க. நீங்க என்ன பண்ணுவீங்கன்னு பாக்கலாம்னு, நாந்தான் இதுல மாத்திக் கொட்டுனேன்.