கடைசி ஆளின் முடிச்சு

பார்சல் கட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை, ஐயா. கயிற்றை இழுப்பதில் எல்லோரும் தங்கள் பலத்தைக் காட்டுவார்கள். அது தப்பு. முடிச்சு விழுகிற இடத்தில் விரலை வைத்து, கயிறு தானாக இறங்கி உட்காரும்வரை பொறுத்திருந்தால் போதும். இருபத்தாறு வருஷமாகப் பார்சல் அலுவலகத்தில் இருக்கிறேன். நான் கட்டியது ஒன்றுகூட வழியில் அவிழ்ந்ததாகத் திரும்பி வந்ததில்லை.

மேஜைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் நீங்கள் வைத்திருக்கும் ஆரஞ்சு நாடாவில் இருப்பதும் என் முடிச்சுதான். இரண்டு சுற்று, நுனி இரண்டும் ஒரே பக்கம், தட்டையாக இருக்கும். மலை ஓட்டத்துக்கு வழிகாட்டும் நாடாக்கள் எல்லாமே முந்தைய நாள் என் கையால் கட்டியவை. அதில் ஒன்று எப்படியோ மலையிலேயே தங்கிவிட்டது என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போயிருக்கலாம். நீங்களும் விட்டிருப்பீர்கள். ஆனால் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். முழங்காலை நீட்டிக்கொள்ள இன்னொரு நாற்காலி போட்டீர்கள். இப்படி நடத்துகிறவரிடம் பொய் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அந்த ஓட்டம் முப்பத்தெட்டு கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குப் பள்ளிக்கூட மைதானத்தில் தொடங்கி, முகட்டில் ஏறி, முகட்டோடு போய், மறுபக்கமாக இறங்கி அதே மைதானத்துக்கு வர வேண்டும். வழியில் மூன்று நிறுத்தங்கள். மூன்றாவதைப் பிற்பகல் மூன்று மணிக்குள் தாண்டாதவரை அங்கேயே நிறுத்தி ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். ஓட்டத்தை நடத்துகிறவர் ஒரு பல் டாக்டர். தொடங்குவதற்கு முன்னால் மெகாபோனைப் பிடித்துக்கொண்டு வருஷா வருஷம் ஒரே விஷயத்தை மூக்கால் சொல்வார்: "உங்க ஞாபகத்தை நம்பாதீங்க. நாடாவை நம்புங்க." மழையில் பாதை மாறிக்கொண்டே இருக்கும் மலை அது. எத்தனை முறை ஓடியவராக இருந்தாலும் நாடா இருக்கிற பக்கம்தான் போக வேண்டும். அந்த ஓட்டத்தில் அதுதான் முதல் விதி.

என் கூட்டாளி கடிகாரம் பழுது பார்க்கிறவன். அவனை எல்லோரும் 'கடிகாரம்' என்றே கூப்பிடுவோம். வேடிக்கை என்னவென்றால் அவன் எங்கேயும் நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. அவன் கடை என் அலுவலகத்துக்கு எதிர் வரிசையில் இருந்தது. ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு குனிந்திருப்பான். நான் உள்ளே போனால் நிமிர்ந்து, லென்ஸை எடுக்காமலே சிரிப்பான். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் தொப்பை விழுந்தது, ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தோம். ஒன்பது வருஷம் சேர்ந்து ஓடி, ஒன்பது முறையும் சேர்ந்தே முடித்தோம்.

பத்து முறை முடித்தவர்களுக்கு அங்கே ஒரு மரியாதை உண்டு. மைதானத்துச் சுவரில் ஒரு மரப்பலகை மாட்டியிருக்கிறது. அதில் அவர்கள் பெயரையும் எண்ணையும் எழுதுவார்கள். அந்த எண்ணை அதற்கப்புறம் வேறு யாருக்கும் தரமாட்டார்கள். அப்போது அதில் நான்கு பேர்தான் இருந்தார்கள். நாலாவது பெயருக்குக் கீழே எவ்வளவு இடம் மிச்சம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இரண்டு பெயருக்குத் தாராளமாகப் போதும்.

பத்தாவது ஓட்டத்துக்கு நாலு மாதம் இருக்கும்போது என் முழங்கால் போய்விட்டது. அலுவலகத்தில் ஒரு பெட்டியை இறக்கும்போது ஆனது. நடக்கலாம், இந்த வருஷம் ஓட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடிகாரம் அன்று சாயங்காலமே பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ரொம்ப வருத்தப்பட்டான். ஆனால் அவனும் ஒரு வருஷம் பொறுத்திருந்து என்னோடு ஓடுவதாகச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டுத்தான் தெரிய வேண்டுமா என்று இருந்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக அவன் பல் டாக்டரிடம் போய் எனக்காகப் பேசினான். என்னைக் கடைசி ஆளாகப் போடச் சொன்னான். ஓடுகிறவர்களில் எல்லோருக்கும் பின்னால் வருகிறவர் யாரோ, அவருக்கும் பின்னால் நடந்து, நாடாக்களை அவிழ்த்துக்கொண்டே வருகிறவர்தான் கடைசி ஆள். முன்னால் போகிறவரை முந்தக் கூடாது. யாரையும் மலையில் விட்டுவிட்டு வரக் கூடாது. அவ்வளவுதான் வேலை. அன்றிலிருந்து அவன் என்னை 'வாலு' என்று கூப்பிட ஆரம்பித்தான். பாசமாகத்தான் கூப்பிட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கூடச் சேர்ந்து சிரித்துவைப்பேன்.

ஓட்டத்தன்று அவனுக்குக் கடுமையான சளி. இரண்டாவது நிறுத்தத்தைத் தாண்டும்போது அவனுக்குப் பின்னால் யாரும் இல்லை, என்னைத் தவிர. அங்கிருந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சட்டையின் பின்னால் அறுபத்து நாலு என்று எண் குத்தியிருந்தது. ஒரு பக்க ஊக்கு கழன்று காகிதம் படபடத்தது. கூப்பிட்டு மாட்டிவிட்டிருக்கலாம். மாட்டவில்லை.

"டேய் வாலு, மணி என்ன?"

"ஒண்ணே முக்கால்."

"மூணாவதுக்கு மூணுக்குள்ள போயிடுவேனாடா?"

"போயிடுவ," என்றேன். அதைப் பத்து நிமிஷத்துக்கு முன்பே நான் யோசித்துவிட்டேன். அவன் நடந்தே போனாலும் கால் மணி நேரம் மிச்சமிருக்கும்.

அவன் நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினான். "பலகையில என் பேரை எழுதினாலும் பாதி உனக்குத்தான்டா," என்றான். அவன் அதை மனசாரத்தான் சொன்னான். அவன் மனசு எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பாதி என்ற வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது. ஒன்பது வருஷமாக முழுசாக இருந்தவன் நான்.

கொஞ்சம் தள்ளி ஒரு செங்குத்தான ஏற்றம் வந்தது. அவன் ஒதுங்க வேண்டும் என்றான்.

"நீ நிக்காத, ஏறிட்டே இரு. இந்த ஏத்தத்துல உன் முழங்காலுக்கு நேரமாகும். நான் வந்து புடிச்சுக்கறேன். நாடாவை மட்டும் அவுக்காம விட்டு வை."

என் முழங்காலை நினைத்துத்தான் அப்படிச் சொன்னான். முந்தக் கூடாது என்பது விதி. நான் முந்தினேன்.

ஏறி முடித்த இடத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது. வலது பக்கம் மூன்றாவது நிறுத்தத்துக்கு இறங்கும் வழி. இடது பக்கம் பழைய வழி. ஓடையின் மேலாகச் சுற்றிக்கொண்டு போய் அதே நிறுத்தத்துக்குத்தான் வரும், அரை மணி நேரம் கூடுதல். மூன்று வருஷம் முன்பு இரண்டு பேரும் அதில்தான் ஓடினோம். அன்று பனிமூட்டம் இறங்கியிருந்தது. பதினைந்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. வலது பக்கத்து நாடாவை அவிழ்த்தேன். இடது பக்கம் ஏழெட்டடி தள்ளி ஒரு புதரில் கட்டினேன். நீங்கள் வைத்திருப்பது அந்த நாடாதான்.

அரை மணி நேரம்தான் ஐயா நான் அவனிடமிருந்து எடுத்துக்கொள்ள நினைத்தது. மூன்று மணி தாண்டிவிடும். ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். அடுத்த வருஷம் என் முழங்கால் சரியாகிவிடும். இரண்டு பேரும் ஒன்பதிலேயே நிற்போம், பழையபடி சேர்ந்தே முடிப்போம். யாருக்கு என்ன நஷ்டம்?

வலது பக்கப் பாதையில் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஐம்பத்து மூன்று வயதில் குழந்தை மாதிரி ஒளிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவன் இருமிக்கொண்டே ஏறி வந்தான். "வாலு? எங்கடா போயிட்ட?" என்றான். முதலில் என் பக்கம்தான் வந்தான், நாலைந்து அடி. வழி அவனுக்கு மனப்பாடம். அப்புறம் நின்றான். "உங்க ஞாபகத்தை நம்பாதீங்க" என்று பல் டாக்டர் மாதிரியே மூக்கால் சொல்லித் தனக்குத்தானே சிரித்துக்கொண்டான். திரும்பிப் போனான். நாடாவைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

"முடிச்சு நம்மாளுதுதான்," என்றான். பிறகு ஓடுகிற சத்தம் கேட்டது.

கூப்பிட்டிருக்கலாம். வாயைத் திறந்தால், ஏன்டா ஒளிஞ்சிருந்த என்று கேட்பான். அந்த வெட்கத்தில்தான் பேசாமல் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் விசில் கேட்டது. ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு விசில் கொடுப்பார்கள். ஆபத்து என்றால் மூன்று முறை நீளமாக ஊத வேண்டும். முதலில் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில், ஏதோ பறவை கத்தியது போலக் கேட்டது என்று சொல்லியிருந்தேன். அந்த மலையில் மூன்று மூன்றாகக் கத்துகிற பறவை கிடையாது. நான் இறங்க ஆரம்பித்தேன். மீதி நாடாக்களை ஒன்றுவிடாமல் அவிழ்த்துக்கொண்டே இறங்கினேன். பாதித் தூரம்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவது நிறுத்தத்தில் ஒரு டீச்சர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார்.

"அறுபத்து நாலு வரலையே?"

"சளி அதிகமாயிடுச்சு டீச்சர். பாதியிலேயே திரும்பிட்டான்."

"அப்ப உங்களுக்குப் பின்னால யாரும் இல்லையா?"

"யாரும் இல்ல."

அவர் அந்த எண்ணின் மேல் ஒரு கோடு போட்டுவிட்டு எனக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார். சாப்பிட்டேன்.

இந்த இடத்தில் நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். கவனித்தேன். அவன் அரை மணி நேரத்தில் வந்து நின்றிருந்தால் என் பொய் அங்கேயே சந்தி சிரித்திருக்குமே என்று யோசிக்கிறீர்கள். அவன் வரமாட்டான் என்று தெரிந்தவன்தான் அப்படிச் சொல்ல முடியும். அதற்கும் வருகிறேன்.

மறுநாள் காலையில் ஓடை வழியாகப் போனவர்கள் அவனைக் கண்டுபிடித்தார்கள். கால் முறிந்திருந்தது. இருட்டும்வரை உயிரோடு இருந்திருக்கிறான் என்று பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் சொன்னார். திரும்பிப் போகிறேன் என்றவன் மனசு மாறி, என்னைப் பிடிக்க ஓடைக்குள் நேராக இறங்கிக் குறுக்கு வழியில் வந்திருப்பான் என்று நான் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். பதினோராம் நாள் அவன் மனைவி என் அலுவலகத்துக்கு வந்தாள். அவள் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். பழுது பார்க்க நான் கொடுத்திருந்த கைக்கடிகாரத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

"உங்களுக்குன்னு தனியா எடுத்து வெச்சிருந்தார்ணா. முடிச்சுட்டாராம்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "அவர் குறுக்கு வழியில போற ஆளாண்ணா? நீங்களே சொல்லுங்க."

"ஆசைம்மா," என்றேன். "பத்து முடிக்கணும்னு ஆசை. என்ன செய்யறது."

அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள். ஒரு நல்ல மனுஷனைச் செத்த பிறகு ஏமாற்றுக்காரன் ஆக்கி அனுப்பினேன், அதுவும் அவன் மனைவியிடமே. நான் செய்ததில் எதற்காக அதிகம் கூனிக் குறுகுகிறேன் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். கடிகாரம் என் கையில்தான் இருக்கிறது. நேரம் சரியாகக் காட்டுகிறது.

இனி, அந்தப் பழைய வழியை அடைத்திருந்த கிளைகள். இதை நீங்கள் கேட்கவில்லை, ஏனென்றால் அவை நகர்ந்தது உங்களுக்குத் தெரியாது. ஓட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்பு பாதை பார்க்கப் போனது நான்தான். இடது பக்கத்துப் பழைய வழி நூறடியிலேயே அறுந்து போயிருந்தது. மழையில் சரிந்து, கீழே ஓடைவரைக்கும் வெறும் பாறை. பல் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் சொன்னபடி இரண்டு பெரிய கிளைகளைக் குறுக்கே போட்டு அந்த வழியை அடைத்ததும் நான்தான். ஓட்டத்தன்று அந்தக் கிளைகளை ஓரமாக இழுத்துப் போட்டுவிட்டுத்தான் நாடாவைக் கட்டினேன். அரை மணி நேரம் என்று உங்களிடம் சொன்னேன். எனக்கும் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த வழியில் அரை மணி நேரம் கிடையாது, நூறடிதான் இருந்தது.

முதல் விசில் கேட்டதும் எழுந்து போய்க் கிளைகளை இருந்த இடத்திலேயே திரும்பப் போட்டேன். வேறு யாராவது வந்து விழுந்துவிடக் கூடாதே. நாடாவை எடுக்க இன்னும் ஏழெட்டடி போயிருக்க வேண்டும். அங்கே நின்றால் விசிலோடு அவன் குரலும் கேட்குமோ என்று பயமாக இருந்தது. விட்டுவிட்டேன். பிறகு மேலே வந்து பார்த்தவர்கள் கிளைகள் அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, அவனே தாண்டிப் போயிருக்கிறான் என்று எழுதிக்கொண்டார்கள்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள். வேறு வார்த்தை எதுவும் பொருந்தவில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. போன வாரம் மைதானத்துப் பக்கம் போனேன். பலகையில் ஐந்தாவதாக அவன் பெயரை எழுதியிருக்கிறார்கள். சளியோடு திரும்பினவன் மறுபடி மலையேறியிருக்கிறான், அந்த மனசுக்கே பத்து போடலாம் என்றாராம் பல் டாக்டர். பெயர், அறுபத்து நாலு, பத்து. பெயிண்ட் இன்னும் பளபளப்பாக இருக்கிறது. கீழே ஒரு பெயருக்குத்தான் இடம் மிச்சம்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஐயா. ஆனால் அவன் முடித்தது ஒன்பதுதான். யாரிடமாவது சொல்லி அதைத் திருத்தச் சொல்லுங்கள்.