மஞ்சள் துணியைக் கட்டியது நான்தான்

“ஓடுங்கோ! துணியைப் பாக்காதேங்கோ, ஓடுங்கோ!”

கத்துகிறேன். காற்றாடிக் கோபுரத்தின் அடியில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை. காலை ஆறே முக்கால். தெற்கே குத்துச் சத்தம். டும். எறிகணை புறப்பட்டுவிட்டது. இருபது எண்ணுவதற்குள் விழும். கிணற்றடியில் ஏழு பேர் தண்ணீருக்கு நிற்கிறார்கள். ஒருவரும் ஓடவில்லை. எல்லோரும் மேலே பார்க்கிறார்கள். கோபுரத்தில் மஞ்சள் துணி பறக்கிறது.

“காத்தாடிக்கு எண்ணெயெல்லே வைக்கிறான். ஏன் பிள்ளை கத்திறாய்?” என்றார் பரமேசு மாமி.

பதினெட்டு எண்ணினேன். விழுந்தது.

அவர்கள் ஏன் ஓடவில்லை என்று இங்கே வெளிநாட்டில் கேட்கிறார்கள். சொல்கிறேன். கேளுங்கள்.

எங்கள் காற்றாடி கிணற்றிலிருந்து தண்ணீர் இறைப்பது. நாற்பதடி இரும்புக் கோபுரம். போரால் டீசல் வராத காலத்தில் ஊருக்கே அதுதான் தண்ணீர் தந்தது. கிறீச். டக். கிறீச். டக். அதைப் பார்த்துக்கொண்டவன் என் தம்பி ரவி. ஷெல் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் யார் ஓடுவது? கிட்ட வருகிறது என்று பட்டால் ரவி பிரேக் கம்பியை இழுப்பான். காற்றில் சுற்றும் சில்லு நிற்கும். கிறீச் சத்தம் நின்றதும் ஊர் பதுங்கு குழிக்குள் இறங்கும்.

வெள்ளிதோறும் சில்லை நிறுத்தி எண்ணெய் வைப்பான். அப்போதும் சனம் பயந்து ஓடி விழுந்தெழும்பியது. “அக்கா, அண்டைக்கு மட்டும் ஒரு துணி கட்டுவம்,” என்றான். அம்மாவின் மஞ்சள் சேலையைக் கிழித்தேன். துணி பறந்தால் பயமில்லை. ஊர் அதைப் பழகிக்கொண்டது.

துணி பறக்கும்போதே ஷெல் வந்தால்? நாங்கள் யோசிக்கவில்லை. மடைச்சி நான், யோசித்திருக்க வேண்டும்.

அன்று ரவி உச்சியில் நின்றான். இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. துணியை அவிழ்க்கப் பார்த்தான். அவிழ்ந்தால் சனம் ஓடும். என் முடிச்சு இறுக்கம். இழுத்தான். இழுத்துக்கொண்டே இருந்தான். நான் கோபுரத்தடிப் பள்ளத்துக்குள் விழுந்தேன்.

இப்போது வெளிநாட்டில், வில் என்ற நகரில் இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் சலவை வேலை. போன மாதம் சாட்சி சொல்ல ஜெனீவா போனேன். ரயிலில் மகள் துளசி அந்தத் தாக்குதலைப் பற்றிய ஓர் அறிக்கையை வாசித்தாள்.

“அம்மா, இதில உங்கட காத்தாடி இருக்கு.”

கண்காணிப்புக் கோபுரமாம். உச்சியில் ஒரு போராளியாம். சமிக்ஞைக் கொடியை அசைத்தானாம்.

கொடியாம்! என் தாயின் சேலை அது. “கோதாரியில போவாங்கள்!” என்று கத்திவிட்டேன். முன்னால் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

துளசி என் கையைப் பிடித்தாள். “துணியைப் பற்றி மட்டும் கதைக்காதேங்கோ அம்மா. நீங்கள் கட்டினதெண்டா உங்களையும் போராளியெண்டு சேர்த்து எழுதுவினம்.”

எழுதட்டும். நான் வாயை மூடினால் என் தம்பி கொடி பிடித்தவனாகவே கிடப்பான்.

ஜெனீவாவில் அதிகாரி கேட்டார். கொடியைக் கட்டியது யார்?

“நான்தான். அது கொடியில்லை. சேலை. சேலையெண்டு எழுதுங்கோ.”

எழுதினார். அதைத் துளசியை இரண்டு தடவை வாசிக்க வைத்தேன். பிறகு இழப்பைச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பரமேசு மாமி. அவரின் மருமகள் வசந்தி. செல்லையா அண்ணை. சேவியர் மாஸ்டர், அவரின் மனைவி. அக்கா தங்கை இரண்டு பிள்ளைகள், பதினொரு வயது, எட்டு வயது. கிணற்றடியில் ஏழு. வசந்தியின் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை. அதையும் எண்ணச் சொன்னேன். என் தம்பி ரவி, இருபத்தாறு வயது. ஒன்பது பேர். ஒரு காற்றாடி. ஒரு கிணறு.

ஆயுதம் ஒன்றும் இல்லை. ரவியின் கையை விரித்துப் பார்த்தது நான். அரை முழம் மஞ்சள் துணி இருந்தது. முடிச்சு அவிழவில்லை. துணிதான் கிழிந்திருந்தது.