மிச்ச நாடா

சலீமா: நாலே நாலு பாட்டுங்களா?

அந்தோணி: எண்ணிக்க அம்மிணி. நாலுதான் எழுதியிருக்கறேன்.

சலீமா: அந்தோணியண்ணா, நீங்க கேக்கறது தொண்ணூறு நிமிசக் கேசட்டு. நாலு பாட்டப் போட்டா ஒரு பக்கங்கூட ரொம்பாது. மறுபக்கம் பூராவும் காலியா ஓடும்.

அந்தோணி: ஓடட்டும்.

சலீமா: மத்த ஜீப்புக்காரங்க எல்லாம் ஒரே கேசட்டுல இருபது பாட்டத் திணிக்கச் சொல்லி உசுர வாங்கறாங்க. நீங்க மட்டும் மிந்தி பத்து, போன மாசம் எட்டு, இப்ப நாலு. அடுத்த வாட்டி பாட்டே வேண்டாம்னு வந்து நிப்பீங்களாட்ட இருக்குது.

அந்தோணி: காலி நாடாவக் கையில குடுக்கற கடையா இது? பாட்டு தீந்துபோனா மிச்சத்துல நீயே எதையாச்சும் போட்டுத்தான குடுப்ப.

சலீமா: அது எங்கண்ணன் வெச்ச வழக்கமுங்க. சத்தம் வரலீன்னா டேப்பு கெட்டுப்போச்சுன்னு நெனச்சு ஆளுக சண்டைக்கு வந்தாங்க. ஒருத்தரு டேப் ரிக்கார்டரையே ஸ்குரூ ஸ்குரூவாப் பிரிச்சுப் போட்டுட்டாரு. அதுலருந்துதான் மிச்சத்த ரொப்பிக் குடுக்கறது.

அந்தோணி: அந்த மிச்சம்தான் எனக்கு நெறைய வேணும்.

சலீமா: என்னங்க?

அந்தோணி: ஒண்ணுமில்ல. பாட்டப் பாரு. நாலும் நீலவேணி பாடுனது. மாத்திக் கீத்திப் போட்டுறாத.

சலீமா: நீலவேணி, நீலவேணி... ராஜபூபதி பாட்டு ஒண்ணாச்சும் போட்டுக்கங்களேன். வெள்ளிக்கெழம மொத பஸ்ஸுல அவரு புதுக் கேசட்டு வருது தெரியுமா? ஏழு பாட்டு. இப்பவே முப்பது பேரு சொல்லி வெச்சிருக்காங்க.

அந்தோணி: ஏழு பாட்டுலயும் இருமுவான்.

சலீமா: அது இருமலில்லீங்க. உருக்கம்.

அந்தோணி: உருக்கம்னா தொண்டையில உருகோணும். அவனுக்கு நெஞ்சுல கட்டிக்கிட்டு நிக்குது. போன கேசட்டப் போட்டப்ப, ஜீப்புல வந்த பெரியம்மா ஒண்ணு மிளகுக் கசாயம் குடுக்கச் சொல்லுச்சு.

சலீமா: உங்க நீலவேணி மட்டும் என்னவாம்? அடுத்த கேசட்டு வருது வருதுன்னு ஒரு வருசமாச்சு. தொண்டைக்கு ஆப்பரேசன்னு ஒருத்தரு சொல்றாரு, பாட்டே உட்டுட்டாங்கன்னு ஒருத்தரு சொல்றாரு.

அந்தோணி: உட்டா உடட்டும். எனக்கு இப்ப நீலவேணியக் கேக்கவே புடிக்கறதில்ல.

சலீமா: அப்பறம் எதுக்கு நாலும் அவங்க பாட்டா எழுதியிருக்கறீங்க?

அந்தோணி: நீலவேணி பாட்டு போட்டாத்தான் கடைசியில அதே மாதிரிப் பாட்டா அந்தப் பொம்பள பாடுது.

சலீமா: எ... எந்தப் பொம்பளைங்க?

அந்தோணி: மிச்சத்துல பாடுதே, அது. மொதல்ல ஒரு பாட்டு பாடுச்சு. பத்துப் பாட்டு கேசட்டுல மூணு. எட்டுப் பாட்டு கேசட்டுல அஞ்சு. ஆரு அது?

சலீமா: அதுங்களா... பழைய ரேடியோ பாட்டுங்க. எங்கண்ணன் புடிச்சு வெச்சது.

அந்தோணி: ரேடியோவுல கோழி கூவுமா?

சலீமா: கூவும். வேளாண்மை நிகழ்ச்சி.

அந்தோணி: ஒண்டிக்கடை முக்குல திரும்பற சேலம் பஸ்ஸோட ஆரன்கூடக் கேக்குது. அந்த டிரைவரு மூணு வாட்டி அடிப்பாரு. மூணும் கேக்குது.

சலீமா: உங்களுக்குக் காது நொம்பத்தான் கூர்மை.

அந்தோணி: எனக்கு மட்டுமா? தலைச்சோலை எஸ்டேட் ரைட்டரு பெரியண்ணன் இருக்காரில்ல, எறங்கோணும்ங்கற எடம் வந்தாலும் எறங்க மாட்டேங்கறாரு. பாட்டு முடியட்டும்ங்கறாரு. முடிஞ்சப்பறம் பாத்தா எறங்கற எடம் ஒரு மைலு பின்னால கெடக்குது. திரும்பி நடந்து போறாரு, பாடிக்கிட்டே.

சலீமா: நெசமாவா?

அந்தோணி: உள்ள என்னமோ உழுந்துச்சே.

சலீமா: எலிங்க. ரிக்கார்டிங் ரூம்புல பழைய கம்பளியெல்லாம் தொங்க உட்டிருக்கறோமில்ல, அதுல கூடு கட்டிருச்சு.

அந்தோணி: நொம்பப் பெரிய எலியா இருக்குமாட்ட. வேணும்னா நான் போயிப் பாக்கட்டுமா?

சலீமா: ஐயோ வேண்டாங்க! மைக்கு ஒயரெல்லாம் கீழ கெடக்குது, மிதிச்சுருவீங்க. இப்புடி உக்காருங்க. ஆமா, நீங்க வியாழக்கெழமதான வருவீங்க? இன்னைக்கு செவ்வாக்கெழமையில்ல?

அந்தோணி: சவாரி இல்ல. எதுத்தாப்புல ஸ்டேண்டுல சும்மா உக்காந்திருந்தேன். மஞ்சு எறங்கி ஏரி இருக்கற எடமே தெரியல. எவன் வாரான் இந்தக் குளுருல? ஊட்டுக்குப் போலாம்னா அங்கயும் ஆளில்ல.

சலீமா: அக்கா எங்கீங்க?

அந்தோணி: தையல் கிளாஸ். பத்து மாசமா செவ்வாக்கெழம தவறாமப் போறா. இன்னும் ஒரு பொத்தான் வெச்ச பாடில்ல. அவ செருப்பு வாரு பிஞ்சதுக்குக்கூட நாந்தான் பச்ச நூலப் போட்டுத் தெச்சேன்.

சலீமா: தையல் அத்தன சீக்கிரம் வராதுங்க.

அந்தோணி: எனக்கு வந்துச்சே. சரி, அதையெல்லாம் உடு. அந்தப் பாடகிக்கு ஒரு சேதி சொல்லோணும். சரணத்துல ஏர்றப்ப மூச்சு வாங்கறா. நம்ம மலையில இருபதாம் வளைவுக்கு வர்ற லாரியாட்ட. ஒரு மூச்ச முன்னாடியே இழுத்து வெச்சுக்கோணும்.

சலீமா: எல்லாந் தெரிஞ்ச மாதிரிப் பேசறீங்க.

அந்தோணி: பாட்டக் கேட்டுக் கேட்டே தலை நரச்சுப்போச்சு. பின்ன தெரியாதா?

சலீமா: சரி, ஒரு விசயம் சொன்னா வெளிய சொல்ல மாட்டீங்களே?

அந்தோணி: ஜீப்புல வர்ற பத்துப் பேருக்கு மட்டும் சொல்லுவேன்.

சலீமா: அப்ப சொல்லல.

அந்தோணி: சரி, சொல்லல. நீ சொல்லு.

சலீமா: அந்தப் பாட்ட உங்க ஜீப்புல கேட்டுட்டு, போன வாரம் ஒருத்தரு கடைக்கே வந்துட்டாரு. சேலத்துல மெல்லிசைக் குழு வெச்சு நடத்தறவரு. அவங்க குழுவுல பாடிக்கிட்டிருந்த பொண்ணு கல்யாணமாகி பெங்களூரு போயிருச்சாம். இங்க கோடை விழாவுல ரெண்டாம் நா சாயங்காலம் அவங்க கச்சேரிதான். மிச்சத்துல பாடறவங்களப் பாடச் சொல்றாரு. பக்கத்து மெடிக்கலுக்கு இன்னைக்கு நாலு மணிக்குப் போன் பண்ணுவாரு. உண்டு இல்லீன்னு சொல்லிரோணும். இல்லீன்னா ஆத்தூர்ல வேற ஆளப் பாத்துக்குவாராம்.

அந்தோணி: மணி இப்பவே நாலாகப் போகுது. உண்டுன்னு சொல்ல வேண்டியதுதான?

சலீமா: அதாங்க இடிக்குது. அவங்க ஊட்டுக்காரரு ஒத்துக்க மாட்டாருன்னு பயப்படறாங்க. பாடறதே அவருக்குத் தெரியாது.

அந்தோணி: எவன் அந்தக் காட்டான்?

சலீமா: காட்டானா?

அந்தோணி: பின்ன? கூடவே குடியிருக்கற பொம்பள பாடறது தெரியாம ஒருத்தன் இருப்பானா? காது இருக்குதா, இல்ல வாழக்காயத் தொங்க உட்டிருக்கறானா?

சலீமா: இருக்கறாருங்க அப்படியும் ஒருத்தரு.

அந்தோணி: பாக்கவும் சகிக்காதுன்னு நெனைக்கறேன்.

சலீமா: அது... ஒரு மாதிரிதான் இருப்பாரு.

அந்தோணி: ஒரு மாதிரின்னா?

சலீமா: மீசை மட்டும் நல்லா இருக்கும். அத உடுங்க. உங்க ஊட்டுல அக்கா பாடுவாங்களா?

அந்தோணி: என்ற ஊட்டுக்காரியா? அவ கொரலு, ஜீப்பு ரெண்டாம் கியர்ல மேடு ஏர்ற மாதிரி இருக்கும். மறுபடி உழுந்துச்சு பாரு.

சலீமா: எலிங்க.

அந்தோணி: எதையோ தூக்கி எறியற மாதிரி இருந்துச்சு.

சலீமா: அது அப்படித்தான் எறியும். அப்ப அக்கா பாடவே மாட்டாங்களா?

அந்தோணி: மிந்தி பாடுவா. துணி தொவைக்கறப்ப, அரிசி பொடைக்கறப்ப. மூணு வருசமாச்சு, ஒரு நா ராத்திரி சவாரி போயிட்டு வந்து படுத்தேன். இவ பாடிக்கிட்டிருந்தா. நிறுத்து சனியனேன்னு கத்திப்புட்டேன். நிறுத்திட்டா.

சலீமா: அப்பறம்?

அந்தோணி: அப்பறம் என்ன அப்பறம்? அவ்வளவுதான். ஊட்டுல பாத்திரம் சத்தம் மட்டுந்தான்.

சலீமா: பாடுன்னு கேக்க வேண்டியதுதான?

அந்தோணி: கேட்டனே. எனக்குப் பாட்டெல்லாந் தெரியாதுங்கன்னு சொல்லிப்போட்டு, மொறத்த எடுத்துக்கிட்டுப் போயிட்டா.

சலீமா: நீங்க சனியன்னு சொன்னீங்க. அவங்க சும்மா போயிட்டாங்க. நொம்ப நல்லவங்க.

அந்தோணி: தும்மல் சத்தம் கேட்டுச்சே.

சலீமா: எலிங்க! சளி புடிச்சிருக்குது. இந்தக் குளுருல எலிக்கும் புடிக்காதா?

அந்தோணி: இன்னொண்ணு வரோணுமே.

சலீமா: என்ன வரோணும்?

அந்தோணி: ம்... வந்துருச்சு.

சலீமா: அண்ணா, இங்க பாருங்க. பேச்ச மாத்தாதீங்க. அந்தப் பாடகி எடத்துல உங்க ஊட்டுக்காரி இருந்தா, நீங்க மேடையேற உடுவீங்களா?

அந்தோணி: நானா?

சலீமா: நீங்கதான்.

அந்தோணி: உட மாட்டேன்.

சலீமா: சரி, அந்தச் சீட்ட இப்புடிக் குடுங்க.

அந்தோணி: என்ன அம்மிணி, மொகம் தொங்கிப்போச்சு? எலிகூடச் சத்தம் போடாம அடங்கிருச்சு.

சலீமா: ஒண்ணுமில்லீங்க. நாலு பாட்டுதான? நாளைக்கு வந்து வாங்கிக்கங்க. மிச்சத்துல ராஜபூபதியப் போட்டு உடறேன். இருமட்டும்.

அந்தோணி: முழுசாக் கேளு. மொத வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போடலீன்னா உட மாட்டேன். போன வருசம் கோடை விழாவுல ஆபீசருங்க எல்லாம் சொந்தக்காரங்களோட வந்து முன்னால உக்காந்துக்கிட்டாங்க. நான் வேலிக்கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். பாடறவ புருசன் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கும்?

சலீமா: அவ்வளவுதானா?

அந்தோணி: சரணத்துக்கு முன்னாடி மூச்சு இழுக்கோணும். அது ரெண்டாவது. சரி, எலிய வெளிய வரச் சொல்லு.

சலீமா: எ... எந்த எலிய?

அந்தோணி: தையல் கிளாஸ் எலிய.

சலீமா: அல்லாவே... உங்களுக்கு எப்பருந்துங்க தெரியும்?

அந்தோணி: மூணாவது கேசட்டு. பாட்டு முடிஞ்சு நீ டேப்ப நிறுத்தறதுக்குள்ள ரெண்டு தும்மல், பொறவு ஒரு "சேசுவே". எப்பவும் ரெண்டுதான் வரும். அந்தத் தும்மலோட எட்டு வருசமாக் குடும்பம் நடத்தறேன். எனக்குத் தெரியாதா?

சலீமா: அப்ப ஏழு மாசமாத் தெரிஞ்சுக்கிட்டே பேசாம இருந்திருக்கறீங்க! ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?

அந்தோணி: சொன்னா நிறுத்திப்புடுவா. ஒருக்கா என் வாயால நின்னது போதாதா? நான் பாட்டக் கொறச்சு எழுதிக் குடுத்தா, மிச்சத்துல அவ ஒரு பாட்டு கூடப் பாடுவா. காசு குடுத்துத்தான் கேக்க வேண்டியிருக்குது. என்ன பண்றது?

சலீமா: அதுக்குத்தான் நாலு பாட்டா! நான் வேற, இவருக்குக் கேசட்டுக் கணக்கே தெரியலியேன்னு பாவப்பட்டுக்கிட்டிருந்தேன். இப்ப அக்கா உள்ள இருக்கறது எப்படித் தெரிஞ்சுது?

அந்தோணி: படியில செருப்பு கெடக்குது. பச்ச நூலு பல்லக் காட்டுது. ஜீப்புல உக்காந்தவனுக்கே தெரிஞ்சுது. அதப் பாத்துத்தான் எறங்கி வந்தேன்.

சலீமா: வாங்கக்கா. இனிமே உள்ள இருந்து என்ன பண்ணப் போறீங்க?

தேவகுமாரி: ஏனுங்க.

அந்தோணி: வா. ரவிக்கை தெச்சாச்சா?

தேவகுமாரி: நான் உள்ள இருக்கறேன்னு தெரிஞ்சேதான் ரெண்டாம் கியருன்னு சொன்னீங்களா?

அந்தோணி: பின்ன? தெரியாமச் சொன்னா என்ன சுகம்? ஆமா, எதத் தூக்கி எறிஞ்ச?

தேவகுமாரி: ராஜபூபதிய.

சலீமா: ஐயோ அக்கா! அது வாடகைக் கேசட்டு!

அந்தோணி: இருமல் நின்னிருக்கும்.

சலீமா: சிரிக்காதீங்க ரெண்டு பேரும். மெடிக்கல்ல போன் அடிக்குது. கேக்குதா? நாலு மணி. என்னன்னு சொல்லட்டும் அக்கா?

தேவகுமாரி: வாரேன்னு சொல்லு சலீமா. மொத வரிசையில ஒரு நாற்காலி கேளு. நடுவுல வேண்டாம், ஓரமா. இவரு தலையாட்டுனா எனக்குச் சிரிப்பு வந்துரும்.

அந்தோணி: எல்லாஞ் சரி. ஆனா ஒண்ணு. ஒளிஞ்சு ஒரு காரியம் பண்றவ செருப்ப வாசல்லயா உட்டுட்டுப் போவா? கொஞ்சமாச்சும் புத்தி வேண்டாமா?

தேவகுமாரி: பத்து மாசமா பொறவாசல்ல வந்து, செருப்பப் பைக்குள்ள வெச்சுக்கிட்டுத்தாங்க பாடுனேன். இன்னைக்கு முன்வாசல்ல வந்து, பச்ச நூலு உங்க ஜீப்பப் பாத்தாப்புல திருப்பி வெச்சது எதுக்குன்னு நெனச்சீங்க?