திரையில் நின்றுபோன எண்ணை நம்பாத சுல்ஃப்ரிட் அம்மையாருக்கு

அலையின் குணம் அறிந்தவரே, ஆளின் மனம் அறிந்தவரே, ஹாவ்டெர்னா எண்ணெய் வயலில் கடல்மேடைமேல் பத்தாண்டும் பெர்கன் கரைக் கட்டுப்பாட்டு மையத்தில் இருபத்தோராண்டும் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் அம்மையார் சுல்ஃப்ரிட் மியெல்டே அவர்களே, வணக்கம்!

ஆயிரத்திருநூறு மீட்டர் ஆழத்துக் கிணறுகளைக் கரையிலிருந்து கணினித் திரையில் ஆள்வது நம் வேலை. திரையை நம்பாமல் அது நடக்காது. அதை மட்டுமே நம்பவும் கூடாது என்று எங்களுக்குக் காட்டியவர் நீங்கள்.

எட்டாண்டுகளுக்கு முன், சனவரிப் புயலில், நான்காம் கிணற்றின் அழுத்தம் நாற்பது நிமிடம் அசையவே இல்லை. நாங்கள் நிம்மதியடைந்தோம். உங்களுக்கோ அந்த அமைதி பிடிக்கவில்லை. மேடையை அழைத்து, அளவுமானியை நேரில் பார்க்கச் சொன்னீர்கள். மேடைப் பொறுப்பாளர் ஓட்பியோர்ன் சலித்துக்கொண்டார்.

"கரையில காப்பியோட உக்காந்துக்கிட்டு, எங்கள இந்தப் புயல்ல நடக்க விடுறீங்களே."

"நடங்க, தின்ன வாஃபிள் செரிக்கும்."

நடந்தார். அளவுமானியோடு தொடர்பு அறுந்து, பழைய எண்ணே திரையில் நின்றிருந்தது. உண்மை அழுத்தம் ஆபத்து எல்லையைத் தொட்டிருந்தது. உடனே கிணற்றை மூடினோம். மேடையிலிருந்த தொண்ணூற்றிரண்டு பேரும், இறைவன் கருணையால், வீடு திரும்பினர்.

தொடர்பு அறுந்ததற்கான எச்சரிக்கை முன்பே ஒலித்திருந்தது. புயல் நாளில் அது வீணாக ஒலிப்பது வழக்கம் என்பதால், நம் பொறியாளர் யூஸ்டைன் ரிக் அதை அடக்கிவிட்டார். விசாரணையில் அதைத் தாமே எழுந்து சொன்னார். அவரை வேலையிலிருந்து நீக்க மேலிடம் முனைந்தபோது நீங்கள் குரலை உயர்த்தாமலே சொன்னீர்கள்:

"இவர அனுப்பிட்டா, அடுத்து தப்பு பண்றவர் வாயத் திறக்க மாட்டார். அது வீணா அடிக்குதுன்னு எனக்கும் தெரியும், நானும் சரிபண்ணல. என் பேரையும் எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டார்கள். உங்கள் பதவி உயர்வு ஈராண்டு தள்ளிப்போனது. யூஸ்டைன் எங்களோடு தங்கினார். அவ்வாண்டே எங்களில் பதினொருவர், யாரும் கேட்காமலே, தாம் அடக்கிய எச்சரிக்கைகளை உங்களிடம் வந்து சொன்னோம். திட்டாமல் கேட்டு, ஒவ்வொன்றையும் சரிசெய்ய வைத்தீர்கள். இன்று புயலிலும் இம்மையத்தில் வீண் ஒலி இல்லை.

கணவர் லெய்வுடன் மலைக்குடிலில் நலமும் நீண்ட ஆயுளும் பெற்று வாழ இறைவனை வேண்டுகிறோம். கூடவே ஒரு தவறையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம்: அடுத்த வாரப் பணிப் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுக்க எங்களில் ஒருவருக்கும் கை வரவில்லை.

நன்றியுடன்,
யூஸ்டைன் ரிக்கும் கரை மையப் பணியாளர் அனைவரும்
பெர்கன்