ஹமூங்கா மூடாமல் விட்ட கோப்பு

"ஒரு வரி மாத்தறதுக்கு இவ்வளவு நேரமா? தள்ளு, நான் அடிக்கிறேன்."

"இருங்க, இப்பத்தானே உட்கார்ந்தேன்..."

"ந்ஷிமாக் களி கிண்டற மாதிரி கிண்டிக்கிட்டே இருக்கே. தள்ளும்மா, தள்ளு."

லுயாண்டோவுக்கும் அவள் கணவர் ஹமூங்காவுக்கும் ஆறு வருடம் இதே பேச்சுதான். லுயாண்டோ, என் தோழி மேவிஸின் தங்கை. கணவனும் மனைவியும் ஒரே நாளில், ஒரே இணைய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். நல்ல மனிதர்தான் ஹமூங்கா. ஆனால் இவள் கணினி முன் உட்கார்ந்தால் போதும்... பின்னாலிருந்து தோளுக்கு மேலே அவர் கை நீண்டு வந்துவிடும். 'கொஞ்சம் விலகுங்கள்' என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல வேண்டும் என்று நினைக்காத நாளும் இல்லை.

போன அக்டோபரில் லாரி மோதி அவர் இறந்துபோனார். இனி யாரிடம் சொல்வது?

அடுப்புப் பக்கம் நெருங்கி உட்காருங்கள். மின்சாரம் வரப் பத்து மணியாகும்.

ஜூன் மாதம். மாலை ஆறு மணி. சோமாவிலிருந்து நம்வாலா போகும் மண்சாலை... ஒரு வண்டி இல்லை, ஒரு மாடுகூட இல்லை. குன்றின்மேல் கோபுரம். அதன் காலடியில் ஜன்னலில்லாத ஒற்றை அறை. அந்தப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் இணையம் அந்த அறை வழியாகத்தான் போகும். அன்று மதியத்திலிருந்து போகவில்லை.

மேலாளர் கபாசோ லுசாகாவிலிருந்து போன் செய்தார்.

"ஏழு மணி வரைக்கும் பார்ப்பேன், லுயாண்டோ. அப்புறம் இந்த வேலைக்கு வேற ஆளைப் போட்டுடுவேன். இத்தனை நாளும் உங்க வீட்டுக்காரர்தானே எல்லாம் செஞ்சார்? உங்களுக்கு வரவேற்பு மேசை இருக்கு, கவலைப்படாதீங்க."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்துவிட்டு, அந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஒரு கோப்பில் ஒரே ஒரு வரி. அன்று மதியம் மாறிய இணைப்பின் புது எண்ணை அங்கே போட வேண்டும். கறுப்புத் திரை, சுட்டி கிடையாது, எல்லாம் விசைதான். 'ஐ' அழுத்தினால் எழுதலாம். எஸ்கேப் அழுத்தினால் எழுதுவது நிற்கும். 'யூ' அழுத்தினால் கடைசியாகச் செய்தது அழியும். கோலன், டபிள்யூ, க்யூ... சேமித்து வெளியே வந்துவிடலாம். அரை நிமிட வேலை.

கோப்பைத் திறந்தாள். திரை எச்சரித்தது.

இந்தக் கோப்பை வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார். பெயர்: ஹமூங்கா. இன்னும் இயங்கிக்கொண்டிருக்கிறது.

முதலில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. மூடாமல் எழுந்து போவது அவர் வழக்கம். அப்புறம்தான் உறைத்தது... முந்தின ஞாயிற்றுக்கிழமை மின்கலம் தீர்ந்து அந்தக் கணினி அணைந்து, மறுபடி எழுந்திருக்கிறது. அதற்கு முன்னால் திறந்த எதுவும் அதில் உயிரோடு இருக்க முடியாது.

"ஏதோ கோளாறு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். 'ஐ'. புது எண். எஸ்கேப்.

எண் மறைந்தது. பழைய எண் வந்து நின்றது.

மறுபடி அடித்தாள். மறுபடி மறைந்தது. 'டி'யை இரண்டு முறை அழுத்தி வரியையே நீக்கினாள். வரி திரும்பி வந்தது. வெறுத்துப்போய், எதையும் சேமிக்காமல் வெளியேறும் கட்டளையை அடித்தாள். திரை அசையவில்லை. விசைப்பலகையைக் கவிழ்த்துத் தட்டினாள், கேபிளைப் பிடுங்கிச் செருகினாள், கணினியையும் அதைச் செய்தவனையும் சேர்த்துத் திட்டினாள். ஆறு நாற்பது.

கைகளை மடியில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

டக்... டக்... டக்.

எஸ்கேப் விசை. தானாக இறங்கி, தானாக எழுந்தது. ஒரு தடவை போதும் என்றாலும் எப்போதும் மூன்று தடவை அழுத்துகிறவர் ஒருவர்தான்.

அறைக்குள் யூகலிப்டஸ் மிட்டாய் வாசனை... அவர் மெல்லும்போது வருமே, அந்த ஈர வாசனை. வலது தோளில் மெல்லிய கனம். திரையில் பழைய எண் ஒவ்வொரு இலக்கமாக, நிதானமாக, பிழையில்லாமல் ஏறிக்கொண்டிருந்தது. அவர் இருந்த காலத்து எண். அது மாறிவிட்டது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். மேவிஸிடம் அவள் சொன்னது வேறு. "அழுகைதான் வந்துச்சுக்கா. ஆத்திரத்துல. செத்தும் என்னை நம்பலையேன்னு."

ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது சோமாவுக்கு இணையம் வந்துவிட்டது. வேலையில் இன்னும் அவள்தான் இருக்கிறாள். ஆனால் லுசாகா அலுவலகப் பதிவில் ஒரு வரி இருக்கிறது. கபாசோ அதை அச்செடுத்து வைத்திருக்கிறார், யாருக்கும் காட்டுவதில்லை. அந்தக் கணினியிலிருந்து அன்று வெளியேறியவர்கள் இரண்டு பேர். லுயாண்டோ, ஏழு மணிக்கு. இன்னொருவர், ஆறு ஐம்பத்து மூன்றுக்கு.

ஆறு ஐம்பத்திரண்டுக்கு அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தபடியே, தோளைக் கொஞ்சமும் அசைக்காமல் சொன்னாளாம்:

"கொஞ்சம் வெளியே போய் நில்லுங்க ஹமூங்கா. இதை நான் முடிக்கணும்."